கைமாறிய வண்டியின் மூலபாடம்: ஒரு பதிப்பியல் நோக்கு

1. ஆய்வுச் சிக்கல்

பழைய வண்டி வாங்கப் போகிறவர் முன் இரண்டு பனுவல்கள் வைக்கப்படுகின்றன. ஸ்டாண்டு போட்டு நிற்கும் வண்டி ஒன்று, அது மூலம். அதன் பக்கத்தில் நின்று விற்பவர் சொல்வது மற்றொன்று, அது உரை. நம்மவர்கள் உரையை வரி விடாமல் கேட்டுவிட்டு, மூலத்தை ஒரு சுற்று சுற்றி, டயரை ஓர் உதை உதைத்து ஆய்வை முடித்துக்கொள்கிறார்கள். டயர் உதை என்னும் இம்முறையியலால் இதுவரை நிறுவப்பட்டது ஒன்றுதான்: டயரில் காற்று இருக்கிறது. உரையை ஒதுக்கி வைத்துவிட்டு மூலத்தை வாசிப்பது எப்படி என்று தொகுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. ஆய்வு எல்லை

வண்டிகள் இருவகைப்படும்: அச்சில் இருப்பவை, அச்சில் இல்லாதவை. யமஹா ஆர்.எக்ஸ். 100 இந்தியாவில் 1985-இல் வந்து 1996-இல் நின்றது. மாருதி 800 1983-இல் பிறந்து 2014-இல் விடைபெற்றது. அதே 2014-இல் உத்தர்பாரா ஆலையில் அம்பாசிடரும் நின்றது. மறுபதிப்புக்கு வழியில்லாத இவற்றில் ஆர்.எக்ஸ். 100-க்கு, புதிதில் விற்றதைவிடப் பல மடங்கு விலை சொல்கிறார்கள். அதைக் கேட்டு வாங்குபவர் முகத்தில் கோபம் வருவதில்லை, பக்திதான் வருகிறது. 1994-இல் வந்த ஸ்பிளெண்டரோ இன்றும் அச்சில் இருக்கிறது. தெருவுக்கு நாலு பிரதி, எந்த ஊரிலும் ஸ்பேர், எந்த மரத்தடியிலும் மெக்கானிக். பக்திக்கு முதல் வகை. காலை ஒன்பது மணிக்கு ஆபீஸில் இருக்க வேண்டியவருக்கு இரண்டாம் வகை. இரண்டையும் ஒரே வண்டியில் தேடுபவரை ஆய்வாளர் என்பதா, அப்பாவி என்பதா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

3. அகச்சான்றுகள்

வண்டியின் காலத்தைக் கணிக்க முதற்சான்று டயர்தான்; உதைப்பதற்குப் பதில் குனிந்து படிக்க வேண்டும். டயரின் பக்கச்சுவரில் ஒரு சிறு கட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். ‘போன மாசம்தான் சார் டயர் மாத்தினேன்’ என்னும் உரைப்பகுதி இந்த இடத்தில் பெரும்பாலும் தடுமாறும். காரென்றால் கண்ணாடிகளின் ஓரத்தையும் பார்க்க வேண்டும். எல்லாக் கண்ணாடியும் ஓராண்டைச் சொல்ல, ஒரு கதவுக் கண்ணாடி மட்டும் வேறாண்டைச் சொன்னால், அந்தப் பக்கம் ஏதோ ஒரு வரலாற்று நிகழ்ச்சி நடந்திருக்கிறது.

அடுத்தது மீட்டர். கேபிளில் ஓடும் பழைய மீட்டர், கேபிளைக் கழற்றிவிட்டால் மௌன விரதம் பூண்டுவிடும். எனவே மீட்டர் சொல்லும் எண்ணைப் பாடபேதம் எனக் கொண்டு, பிரேக் பெடலின் ரப்பரோடு ஒப்பிட வேண்டும். மீட்டரில் இருபதாயிரம், பெடல் ரப்பரோ வரிகள் அழிந்து வழுக்கை என்றால், பெடலையே நம்புக.

வண்டி பார்க்கச் செல்லும் நேரம் அதிகாலை. போனதும் முதல் வேலை, புறங்கையை இன்ஜின் அருகே கொண்டுபோவது. சூடாக இருந்தால், நாம் வருமுன்னரே யாரோ நெடுநேரம் மல்லுக்கட்டி எழுப்பி வைத்திருக்கிறார்கள். சில்லென்றிருந்தால் ஸ்டார்ட் செய்து புகையைப் பார்க்கலாம். கரும்புகை, பெட்ரோல் அளவு மீறிப் போவதைக் காட்டும். நீலப்புகை, ஆயிலே எரிவதைக் காட்டும். போர் வேலை காத்திருக்கலாம். டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடு சேர்ந்தே எரிவதால் அங்கே புகை பிழையன்று, நடை. கடைசியாக, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில்பாரை மெல்லத் திருப்ப வேண்டும். நட்டநடுவில் ‘கடக்’ என்று உட்கார்ந்தால் கோன் செட் போய்விட்டது.

4. புறச்சான்றுகள்

சேஸிஸில் பொறித்த எண்ணுக்கு மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுப்பார்கள். கல்வெட்டுத் துறையின் மைப்படி மரபு இன்று உயிரோடிருப்பது ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில்தான் என்பதை இக்கட்டுரையாளர் பணிவுடன் சுட்ட விரும்புகிறார். அந்தப் படியும் ஆர்.சி. புத்தகமும் ஓர் எழுத்துக்கூட வேறுபடாமல் ஒத்துப்போக வேண்டும்.

ஆசிரியர் யார் என்ற சிக்கல் இதனினும் பெரிது. படிவம் 29, 30 இரண்டிலும் தேதி போடாமல் கையெழுத்து வாங்கி, பெயர் மாற்றாமலே ஓட்டும் வழக்கம் நாடெங்கும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் விற்றவருக்கு, மாநிலத்துக்குள் என்றால், தகவல் சொல்ல 14 நாள் தருகிறது. வாங்கியவருக்கு 30 நாள். பதிவேட்டில் பெயர் இருப்பவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாக்கியது. ‘அண்ணே, நான் வித்து மூணு வருஷம் ஆச்சே’ என்னும் வாதம் செல்லாது. கடனில் வாங்கிய வண்டியானால், கடன் தீர்ந்ததைச் சொல்லும் படிவம் 35 இன்றியமையாதது. அது இல்லாதவரை, ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் கம்பெனியும் இணையாசிரியர்.

5. இடைச்செருகல்கள்

சென்னைப் புதுப்பேட்டையின் பழைய ஸ்பேர் கடையில் கிடைத்த டேங்க், வேறொரு வண்டியின் ஹெட்லைட், தெருவையே எழுப்பும் சைலன்சர் ஆகியன பிற்காலத்தோர் சேர்த்தவை. அவற்றைக் கொண்டு முந்தைய ஓனரின் வயதைக் கணிக்கலாம். சைலன்சர் மாற்றியவர் வண்டியை மெதுவாக ஓட்டியிருப்பார் என்று நம்ப இடமில்லை. பின் மட்கார்டில் பிள்ளைகள் பெயர் எழுதியிருந்தால் அது ஏடெழுதியவர் குறிப்பு. குடும்பஸ்தர் ஓட்டிய வண்டி, நல்ல அறிகுறி. அழித்து வேறு பிள்ளைகள் பெயர் எழுதியிருந்தால், ‘சிங்கிள் ஓனர்’ என்ற உரை மறுபரிசீலனைக்குரியது.

6. உரை மரபு

‘டாக்டர் ஓட்டின வண்டி.’ டாக்டர் நோயாளியைப் பார்ப்பவர். கிளட்ச் பிளேட்டைப் பார்த்தாரா என்பதற்குச் சான்றில்லை. ‘ஷெட்லயே நின்ன வண்டி, ஓட்டவே இல்ல.’ நின்ற வண்டியில் பேட்டரி இறங்கும், டேங்க் துருப்பிடிக்கும், கார்புரேட்டரில் பெட்ரோல் பிசினாகும், ஆயில் சீல் விறைத்துப்போகும். ஆக, இது புகழ்ச்சி போலத் தோன்றும் ஒப்புதல் வாக்குமூலம்.

இவை எல்லாவற்றுக்கும் சிகரம், ‘இந்த வண்டிக்கு நான் செலவே வைக்கல சார்.’ இதில் பொய் ஒரு சொல்லும் இல்லை. செயின் ஸ்ப்ராக்கெட்டுக்குச் செலவில்லை, ஆயிலுக்குச் செலவில்லை, பிரேக் ஷூவுக்குச் செலவில்லை. அத்தனையும் வட்டியோடு சேர்ந்து நமக்காகக் காத்திருக்கிறது.

7. முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவது: செலவு வைத்த ஓனரே நல்ல ஓனர். அவரிடம் பில் கட்டு ஒன்று இருக்கும். ‘போன வருஷம் கிளட்ச் பிளேட் போட்டேன், தீபாவளிக்கு முன்னாடி கோன் செட், இந்த மெக்கானிக் என்னை மொட்டையடிச்சிட்டான் தம்பி’ என்று அவர் அங்கலாய்ப்பார். வண்டியின் ஒவ்வொரு முனகலும் அவர் காதில் விழுந்திருக்கிறது. விழுந்ததும் காசை எடுத்திருக்கிறார். அவர் கேட்கும் ஐயாயிரம் கூடுதலைப் பேரம் பேசாமல் கொடுத்துவிடலாம். ஆகவே புலம்புகிறவரிடம் வண்டியை வாங்குக; புகழ்கிறவரிடம் டீயை மட்டும் குடித்துவிட்டு வருக.