கேடயம் கேட்கும் குப்பைத்தொட்டி

வகுப்புக்கு இரண்டு குப்பைத்தொட்டி வைக்கலாமா என்று மகளின் பள்ளியில் பெற்றோரைக் கூட்டிக் கேட்டார்கள். ஈரக் குப்பைக்குப் பச்சை, உலர்ந்ததற்கு நீலம். மாதாப்பூர் ஐடி அப்பா ஒருவர் ஜவஹர் நகர் குப்பைமலையைத் திரையில் காட்டினார். ஹைதராபாத் குப்பை போய்ச் சேருமிடம் அதுதான். ஒரு பகுதியை எரித்து மின்சாரமும் எடுக்கிறார்கள். "நம்ம பிள்ளைங்க பேப்பராவது மில்லுக்குப் போகட்டும்" என்றார். கைத்தட்டல்.

எனக்கு 2015 ஞாபகம் வந்தது. மாநகராட்சி 22 லட்சம் வீடுகளுக்கு 44 லட்சம் தொட்டிகள் கொடுத்த காலம். எங்களுக்கு வந்த பச்சையில் அம்மா அரிசியைக் கொட்டினாள், நீலத்தில் துவரம்பருப்பு. "இத்தனை பளபளன்னு இருக்கறதுல யாராவது குப்பையைப் போடுவாளாடா?" வாசலில் குப்பை எடுக்கவரும் ஸ்வச் ஆட்டோக்காரர் தெலுங்கில் "தடி செத்த, பொடி செத்த" என்று ஈரத்தையும் உலர்ந்ததையும் தனித்தனியாகக் கேட்கும்போது, ஓட்டை பக்கெட்டோடு ஓடுவோம்.

பள்ளியில் தொட்டி வந்தது. அதோடு விட்டிருக்கலாம். நீலத்தொட்டியில் அதிக எடை சேர்க்கும் வகுப்புக்கு வாராவாரம் கேடயம் என்றார்கள். அன்றிலிருந்து வீட்டில் காகிதம் தங்கவில்லை. பாதி எழுதிய நோட்டெல்லாம் "முடிஞ்சுபோச்சுப்பா". கரண்ட் பில்லைக் கட்டுவதற்குள் காணோம். காகிதத்தை ஒவ்வொரு முறை கூழாக்கும்போதும் நார் குட்டையாகிக்கொண்டே போகும். எழுதாத தாளைக் கூழாக்குவதைவிட, தைத்து ரஃப் நோட்டாக்குவது மேல். இதைச் சொன்னால், "ரஃப் நோட்டுக்கு கேடயம் கிடையாதுப்பா" என்கிறாள்.

அம்மாவுக்குத்தான் பெரிய கோபம். பழைய பேப்பர் அவள் இலாகா. தள்ளுவண்டிக்காரரின் தராசை முறைத்துப் பார்த்தே வாங்கும் காசு, மல்லிகைப்பூவுக்கு. "குப்பையைப் பிரிக்க எனக்கே கத்துக்குடுக்கறாளா? பால் கவரைக்கூட அலசிக் காயவெச்சுன்னா போடறேன்!" குப்பையை அவரவரே பிரிக்கவேண்டும் என்று மத்திய அரசு விதி போட்டது 2016-இல். அம்மா அதற்கெல்லாம் ரொம்ப சீனியர்.

தொட்டி இருக்கட்டும், கேடயத்தை எடுத்துவிடுங்கள் என்று பள்ளிக்கு எழுதினேன். பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. எனக்கு மட்டுமல்ல, மகளின் வகுப்புப் பெற்றோர் அத்தனை பேருக்கும், ஆளுக்கு இரண்டு தாள், ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டு. மறுநாளே எல்லாம் நீலத்தொட்டிக்குப் போய்விட்டன.

அந்த வாரக் கேடயம் மூன்றாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு. "உங்களாலதான்பா!" என்று மகள் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.