தேனீக்கு வெற்றிலை பாக்கு

உங்கள் வீட்டுப் பூசணிக்கொடி காய்க்கிறதா? காய்க்கும். உங்களைப் பார்த்தாலே தெரிகிறது. எங்கள் வீட்டுக் கொடி பூக்கும், அதோடு சரி. பாளையங்கோட்டை வெயிலில் இத்தனை பூவா என்று தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். நான் காபி, பேப்பர், குளியல் எல்லாம் முடித்துக் கம்பீரமாக வெளியே வருவதற்குள் அத்தனையும் கூம்பியிருக்கும். பெண்பூவின் அடியில் குட்டியாக ஒரு பிஞ்சு இருக்கும் பாருங்கள், அதுவும் இரண்டொரு நாளில் மஞ்சளாகி விழுந்துவிடும். "உரம் போடணுமோ?" என்று மனைவியிடம் யோசனை கேட்டேன். "அதுக்குத் தினமும் தண்ணி ஊத்துறது யாருன்னாவது தெரியுமா?" என்றாள். பேச்சை மாற்றிவிட்டேன்.

மாமனாருக்குப் போன் போட்டேன்.

"தேனீ வருதா மருமகனே?"

"கவனிக்கலையே மாமா."

"அப்போ வரல."

அவர் மார்த்தாண்டத்துக்காரர். 1920-களில் ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் அங்கே வந்து, பெட்டியில் தேனீ வளர்க்கும் தொழிலை ஊன்றிவிட்டுப் போனார். பூ இல்லாவிட்டாலும் தேன் எடுக்கிற ஊர் அது. கதையில்லை. ரப்பர் மரம் இலை உதிர்த்துவிட்டு, தை மாசியில் புதுத்தளிர் விடும்போது, மூன்று இலை சேருகிற காம்பில் தேன் சுரக்கும். அதைத்தான் தேனீ உறிஞ்சும். 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக் புரூட் என்ற வைரஸ் நோய் வந்து அந்தப் பக்கத்துக் கூடுகளைத் துடைத்தெடுத்தபோது மாமனாரின் பெட்டிகளும் காலியாயின; மனுஷர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். இலையிலேயே தேன் எடுக்கிற குடும்பத்தில் பெண் எடுத்துவிட்டு, கொடி நிறையப் பூவை வைத்துக்கொண்டு ஒரு காய்க்கு வழியில்லை என்றால் எனக்கு அங்கே என்ன மரியாதை இருக்கும், நீங்களே சொல்லுங்கள். ஏற்கெனவே பெரிதாக ஒன்றும் கிடையாது.

சரி, தேனீயை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதென்று முடிவு செய்து நர்சரிக்குப் போனேன். "இதுக்கெல்லாம் தேனீ வருமா?" என்றால், "எல்லாம் வரும் சார்" என்றார் அங்கிருந்தவர். ரத்தச் சிவப்பில் அடுக்குச் செம்பருத்தி, அதே சிவப்பில் இட்லிப்பூ, சுவர் நிறையப் படரக் காகிதப்பூ, இதழுக்குள் இதழாகத் திணித்த ஒட்டு ரோஜா. ஆட்டோவில் ஏற்றும்போது ஆட்டோக்காரர், "கோயில் கொடையா சார்?" என்றார். பெருமையாகத்தான் இருந்தது.

ஊரிலிருந்து தேன் பாட்டிலோடு வந்த மாமனார் தொட்டிகளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இதெல்லாம் யாருக்கு?"

"தேனீக்கு மாமா."

"தேனீக்குச் சிவப்பு தெரியாதுல்லா மருமகனே."

அவர் அனுபவத்தில் சொன்னது. இதையே கார்ல் வான் ஃபிரிஷ் என்ற ஆஸ்திரியர் வண்ண அட்டைகளையும் சர்க்கரைத் தண்ணீரையும் வைத்துக்கொண்டு நிரூபித்திருக்கிறார். தேனீயின் ஆட்டத்துக்கு அர்த்தம் கண்டுபிடித்து 1973-இல் நோபல் பரிசும் வாங்கியவர் அவர். தேனீக்கு நீலம் தெரியும், மஞ்சள் தெரியும், நம் கண்ணுக்கு எட்டாத புறஊதாகூடத் தெரியும். சிவப்பு மட்டும் அதற்குக் கறுப்பு மாதிரிதான். மாமனார் அதோடு விட்டாரா? அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தம் தரவேண்டிய பாகமே இதழாக மாறிப்போயிருக்குமாம். காகிதப்பூவில் நாம் வாய் பிளந்து பார்க்கிற நிறம் பூவே இல்லை, இலை. நடுவில் வெள்ளையாக, ஏழையாக நிற்கிறதே, அதுதான் பூ. இட்லிப்பூவின் ஒல்லிக் குழாய் வண்ணத்துப்பூச்சிக்கு ஏற்றது, தேனீயின் நாக்கு அடிவரை எட்டாது. ஆக, கண்ணில் படாத பந்தலில் எட்டாத பாயசத்தை வைத்துக்கொண்டு, விருந்தாளி வரவில்லையே என்று வாசலில் நின்றிருக்கிறேன்.

"அந்த ரோஜா?" என்றேன்.

"அது நீங்க பாக்க வாங்கினதுங்க" என்றாள் மனைவி உள்ளேயிருந்து.

பின்னே எதற்குத்தான் வரும்? துளசிப்பூவுக்கு வரும், தும்பைக்கு வரும், முருங்கைக்கு வரும், தென்னம்பாளைக்கு வரும். "கொத்தமல்லி பூத்துட்டா கேக்கவே வேண்டாம். போன தடவை வந்தப்போ சுவரோரமா வெள்ளையா பூத்துக் கெடந்துதே, எங்க?" என்று மாமனார் தேடினார். மனைவி என்னைப் பார்த்தாள். அந்த இடத்தில்தான் செம்பருத்தித் தொட்டிகள் நின்றன. முற்றிய கொத்தமல்லியை, அதைச் சுற்றி முளைத்திருந்த தும்பையோடு சேர்த்து, களை என்று நான்தான் வேரோடு பிடுங்கி எறிந்திருந்தேன். இடுப்பு வலிக்குத் தைலம்கூடத் தேய்த்துவிட்டாள், பாவம்.

தேனீ வராவிட்டால் என்ன, நாமே தேனீயாகிவிட்டால் போகிறது. ஆண்பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, நடுத்தண்டிலிருக்கிற மகரந்தத்தைப் பெண்பூவில் தடவ வேண்டும், அவ்வளவுதான் வேலை. விடியற்காலை லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கொடிக்குள் குனிந்தேன். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சுவருக்கு மேலே தலையை நீட்டினார்.

"என்ன சார், கல்யாணமா?"

"ஆமா சார்."

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ரெண்டும் மாப்பிள்ளையால்லா இருக்கு."

இந்த ஊரில் தேனீயே இல்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அந்த நிம்மதியும் முக்கு டீக்கடை வரைக்கும்தான். குப்பைக்கூடையில் கிடந்த பேப்பர் கப்புகளின் மேல் மொய் மொய் என்று ஒரு கூட்டம்! கப்பின் அடியில் ஒட்டிய சர்க்கரைக்கு இறங்கி, ஏற முடியாமல் உள்ளேயே செத்துக் கிடந்தவையும் இருந்தன. இப்படிச் சாகிற தேனீக்களைத் தமிழ்நாட்டிலேயே எண்ணிப் பார்த்து 2011-இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் எழுதியிருக்கிறார்கள். கண்ணாடி கிளாஸில் டீ குடிப்பதென்று அன்றைக்கே முடிவு செய்தேன். அதில் வருத்தம் பாதி. என் செம்பருத்தியை விட்டுவிட்டு எச்சில் டீக்குப் போகிறதே என்ற ரோஷம் பாதி.

நடுவில் கருவண்டு ஒன்று வந்தது. மூங்கிலைத் துளைத்துக் குடியிருக்கும் ஜாதி. கத்தரிப்பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை ரீங்கரித்து உலுக்கினால்தான் மகரந்தம் நன்றாகக் கொட்டும். நம் தேனீக்குத் தெரியாத அந்த வித்தை இதற்குத் தெரியும். பூசணிப்பந்தல் மூங்கிலைத் துளைத்துப் பந்தலைச் சாய்த்துவிட்டு, கத்தரியை மட்டும் கொத்துக் கொத்தாகக் காய்க்க வைத்தது. எனக்குக் கத்தரிக்காய் ஆகாது. தினமும் அதுதான்.

கடைசியில் வெற்றிலை பாக்கு வைக்காமலே ஒரு கூட்டம் வந்து சேர்ந்தது. கொசுத்தேனீ. வந்து அமர்ந்த இடம், மீட்டர் பெட்டி. வயர் போகிற ஓட்டையில் மெழுகும் பிசினும் குழைத்து ஒரு குழாய் வாசல். மாமனாருக்குச் சொன்னதும் அவர் குரலே மாறிவிட்டது. "மருந்துத் தேன் மருமகனே! மத்தத் தேனைவிட வெல பல மடங்கு. கொட்டாது. கலைச்சிராதீங்க." அந்தத் தேனீயாவது பூசணிக்குப் போகிறதா என்று கேட்காதீர்கள். எதிர்வீட்டு முருங்கைக்குப் போகிறது.

ரீடிங் எடுக்கும் தம்பி வந்தார். பெட்டியைப் பார்த்ததும் கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டார். "கொட்டாது தம்பி, கொட்டுறதுக்கு கொடுக்கே கெடையாது" என்று பெட்டிக் கதவைத் திறந்து, முகத்தைக் கிட்டே கொண்டுபோய்க் காட்டினேன். கொட்டாது என்பது சத்தியம். கடிக்கும் என்பதை மாமனார் சொல்லவில்லை. முடியைத் தேடிப்போய்ச் சிக்கிக்கொண்டு கடிக்கிற ரகம். என் தலையில் அந்த வசதி இல்லாததால் மீசைக்கும் காதுக்கும் பிரிந்து போயின. நான் முற்றத்தில் ஆடிய ஆட்டத்துக்கு வான் ஃபிரிஷ் வந்தாலும் அர்த்தம் சொல்ல முடியாது. ஆடி முடித்துப் பார்த்தால், தம்பி ‘கதவு பூட்டு’ என்று குறித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நான் இங்கதான நிக்கேன்!"

"நிக்கீங்களா சார்?" என்று கேட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

கதவு பூட்டு என்றால் போன தடவைத் தொகையையே கட்ட வேண்டும். போன தடவை என்பது அக்னி நட்சத்திரம், சம்பந்தி வீட்டார், இரண்டு ஏசி.