கோரம் சேர்க்கும் மனிதர்

எந்த அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்துக்கொண்டாலும் தண்ணீர் மோட்டாருக்கு ஒருவர், பார்க்கிங் தகராறுக்கு ஒருவர், பிள்ளையார் சதுர்த்தி வசூலுக்கு ஒருவர் என்று இலாகா பிரிந்திருக்கும். சமீப வருடங்களில் இன்னொரு இலாகா சேர்ந்திருக்கிறது: விளம்பர அழைப்பு ஒழிப்பு. இதற்கு யாரும் யாரையும் நியமிப்பதில்லை. தானாக வந்து உட்கார்ந்துகொள்வார். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர். அதிலும் தணிக்கை, வணிகவரி, கருவூலம் என்று, அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிக்கவே சம்பளம் கொடுத்த துறைகளிலிருந்து வந்தவர். மேற்கு மாம்பலத்தில் இருக்கிறார், திருச்சி கே.கே. நகரில் இருக்கிறார், மதுரை எல்லீஸ் நகரிலும் இருக்கிறார். எங்கள் குடியிருப்பில் இருப்பவர் தணிக்கைத் துறை; அவருக்கு ‘1909 சார்’ என்று பெயர்.

1909 அவர் பிறந்த வருடம் அல்ல. கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று கேட்டு யாரும் தொல்லை பண்ணக் கூடாது என்று பதிவு செய்யவும், பண்ணிவிட்டால் புகார் கொடுக்கவும் நாடு முழுவதற்கும் உள்ள எண். ‘START 0’ என்று அதற்கு ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் எல்லா விளம்பரத்துக்கும் தடை. நம்மைப் போன்றவர்கள் இதோடு நிறுத்திவிட்டு, மறுநாளும் அழைப்பு வந்தால் “எல்லாம் ஏமாத்து” என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போவோம். சார் அப்படி இல்லை. பூஜ்யம் போடுவது சோம்பேறித்தனம் என்பது அவர் கட்சி. வங்கி, மனை, கல்வி, உடல்நலம், சுற்றுலா என்று எட்டு வகை இருக்கிறது; எதை அடைப்பது, எதைத் திறந்து வைப்பது என்று யோசித்துச் செய்ய வேண்டும் என்பார். வீட்டம்மாவிடம் ஒருநாள் முழுக்க இதைப் பற்றிக் கருத்துக் கேட்டிருக்கிறார். “எட்டாவது வகை உணவும் பானமும். அதை வெச்சுக்கலாமா?” “அந்த ஃபோன் வந்தா எனக்கு ஒருவேளை சமையல் மிச்சமாகும்னா வெச்சுக்கங்க” என்று பதில் வந்ததாம். லேண்ட்லைனுக்கு எஸ்.எம்.எஸ். வழி இல்லாததால், 1909-ஐச் சுழற்றிப் பேசியே பதிவு செய்தார். அந்த லேண்ட்லைனில் இப்போது அவருடைய சம்பந்தி மட்டுமே கூப்பிடுகிறார். அவரைத் தடுக்க வகை ஏதும் இல்லை.

அவரிடம் ஒரு நீள நோட்டு உண்டு. ஆபீஸ் பழக்கம், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருப்பார். வரிசை எண், தேதி, நேரம், அழைத்த எண், பொருள், புகார் எண், குறிப்பு. பொருள் என்ற கட்டத்தில் ‘தனிநபர் கடன்’, ‘டி.டி.சி.பி. அப்ரூவ்டு மனை - இலவச கார் - மதிய சாப்பாடு உண்டு’, ‘குலுக்கலில் பரிசு - மனைவியோடு வர வேண்டுமாம்’ என்று முத்து முத்தான எழுத்தில் இருக்கும். கடைசி உதாரணத்துக்குக் குறிப்புக் கட்டத்தில் சிவப்பு மையில், “மனைவி மறுப்பு.”

டெலிகாலர்களிடம் அவர் பேசும் அழகைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். நாம் “வேணாம்மா” என்று சொல்லிக் கட் பண்ணுகிறோம். அவர் கட் பண்ணவே மாட்டார்.

“சார், உங்களுக்கு ப்ரீ-அப்ரூவ்டு லோன்...”

“இரும்மா. நீ 140-ல ஆரம்பிக்கிற நம்பர்லேர்ந்து பேசலியே. பத்து இலக்க சாதா நம்பராச்சே. விளம்பரம்னா 140, பேங்க் சேவைன்னா 1600. உன் மேனேஜர் இதைச் சொல்லிக் குடுக்கலியா?”

“சார், நான் ஸ்ரீபெரும்புதூர் பிராஞ்ச் சார்...”

“ஊரைக் கேக்கலம்மா, பதிவைக் கேக்கறேன். சாப்பிட்டியா?”

அந்தப் பக்கம் அந்தப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு இத்தனை கால் என்று கணக்கு இருக்கிறது. 2018 விதிமுறைகளில் ஆரம்பித்து சார் திருத்தம் திருத்தமாக இறங்கி வரும்போது, அவளே ஃபோனை வைத்துவிடுவாள். டெலிகாலரே கட் பண்ணிக்கொண்டு ஓடும் ஒரே வாடிக்கையாளர் இந்த வட்டாரத்தில் இவர்தான். அந்த வெற்றியும் நோட்டில் ஏறும்: ‘எதிர்த்தரப்பு வெளியேறியது.’

ஒன்று சொல்ல வேண்டும்: பேசும் பிள்ளைகள்மேல் அவர் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. பன்னிரண்டாயிரமோ பதினைந்தாயிரமோ சம்பளத்துக்கு நாள் முழுக்கத் திட்டு வாங்குகிற பிள்ளைகள் என்பார். அவர் கோபமெல்லாம் கோட்டு போட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருப்பவர்மேல்தான். இந்த விஷயத்தில் குடியிருப்பில் மற்ற எல்லாரையும்விட அவருக்கு மரியாதை தெரியும்.

தல புராணமும் உண்டு. 2010 ஆகஸ்டு. விலைவாசி பற்றி எதிர்க்கட்சித் தலைவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறார் நிதியமைச்சர் பிரணாப் முகர்ஜி. கைப்பேசி அடிக்கிறது. முக்கியமான அழைப்பு என்று எடுத்தால், வீட்டுக்கடன் வேண்டுமா என்கிறது ஒரு குரல். “ஊருக்கெல்லாம் பட்ஜெட் போடறவருக்கே லோன் குடுக்க வந்துட்டான் பாத்தியா!” என்று இந்த இடத்தில் சார் தொடையைத் தட்டுவார். “2007-லயே தடைப் பதிவேடு வந்துடுச்சு. நாம கத்தினோம், ஒண்ணும் அசையல. அவருக்கு ஒரு கால் போச்சு, அதே டிசம்பர்ல புது விதி வந்துச்சு.” ஒன்றுக்கு ஒன்று நேர்க் காரணமா என்று நான் கேட்டால், தணிக்கைத் துறையைச் சந்தேகிக்கிறேன் என்று அர்த்தம்.

இப்போது அவருடைய முழுநேரத் தொழில் கோரம் சேர்ப்பது. 2025 பிப்ரவரியில் வந்த திருத்தப்படி, பதிவில்லாமல் வியாபாரம் பேசுகிற ஒரு எண்மேல் பத்து நாளைக்குள் வெவ்வேறு ஐந்து பேர் புகார் கொடுத்தால் நடவடிக்கை உண்டு. அதற்கு முன்பு ஏழு நாளில் பத்துப் பேர் வேண்டும். பத்துப் பேரை எங்கே பிடிப்பது? அசோசியேஷன் கூட்டத்துக்கே ஆறு பேர்தான் வருகிறார்கள். ஐந்து என்றதும் சாருக்கு வாழ்க்கையில் பிடிப்பு வந்துவிட்டது. அவர், வீட்டம்மா, வாட்ச்மேன், மூன்றாவது மாடி ஐ.டி. பையன், நான். எங்கள் எண்களெல்லாம் ஒரே பட்டியலில் எங்கோ கைமாறியிருக்க வேண்டும். ஒருவருக்கு வந்த அழைப்பு அநேகமாக மற்றவர்களுக்கும் அன்றைக்கே வந்துவிடும். வந்ததும் லிஃப்ட் பக்கம் சார் நிற்பார்.

“எட்டு நாலு அஞ்சுல முடியற நம்பர் உங்களுக்கு வந்துச்சா?”

“வந்துது சார். கட் பண்ணிட்டேன்.”

“கட் பண்ணா போதுமா? புகார் குடுத்தீங்களா? ஏழு நாள் டைம் இருக்கு. முன்னாடியெல்லாம் மூணு நாள்தான். இப்ப பதிவு பண்ணாதவன்கூட குடுக்கலாம்யா!”

வாட்ச்மேனுக்கு அவரே உட்கார்ந்து, புகார் கொடுக்க தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் (டிராய்) ஆப் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஆனால் வராத அழைப்புக்குப் புகார் கொடுக்கச் சொல்லமாட்டார். அது பொய்க் கணக்கு. ஆகவே நாலு பேருக்கு வந்து ஐந்தாமவருக்கு வராதபோது அவர் படும் பாடு சொல்லி முடியாது. ஐ.டி. பையன் வீட்டுக் கதவைத் தட்டி, “உனக்கு இன்னும் வரலியா தம்பி?” என்று கேட்பார். “மீட்டிங்ல இருந்தேன் அங்கிள், பாக்கல.” “பாரு, பாரு. மிஸ்டு கால்ல இருக்கும்.”

எஸ்.எம்.எஸ். வந்தாலும் அவர் முதலில் பார்ப்பது செய்தியை அல்ல, அனுப்பியவர் பெயரின் வாலை. P என்று முடிந்தால் விளம்பரம், S என்றால் சேவை, T என்றால் பணப் பரிமாற்றம், G என்றால் அரசாங்கம். பென்ஷன் ஏறிய செய்தியில்கூட வால் சரியா என்று பார்த்துவிட்டுத்தான் தொகையைப் பார்ப்பார்.

இத்தனை கெட்டிக்காரர் ஜவுளிக்கடை கவுண்டரில் நிற்கும்போது பார்க்க வேண்டும். பில் போடும் பெண், “மொபைல் நம்பர் சொல்லுங்க சார்” என்றதும் வரிசையில் உள்ளவர்களுக்கெல்லாம் கேட்கும்படி, இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்து, நிறுத்தி நிதானமாகச் சொல்வார். பொருட்காட்சியில் இலவச சர்க்கரைப் பரிசோதனைக்கு, நகைக்கடைக் குலுக்கலுக்கு, எதற்கும் படிவம் நிரப்புவதில் அவருக்கு ஒரு கலைஞனின் திருப்தி. மாற்று எண் என்ற இடத்தில் லேண்ட்லைனையும் எழுதுவார். கட்டத்தைக் காலியாக விட்டால் அவருக்குக் கை நடுங்கும். கீழே பொடி எழுத்தில் ‘அழைப்புகளுக்கு இதன்மூலம் சம்மதிக்கிறேன்’ என்று இருக்கும். கையெழுத்துப் போட்டால்தானே படிவம் பூர்த்தியாகும்? சம்மதம் கொடுத்தவனைத் தடைப்பட்டியல் காப்பாற்றாது என்ற விதியை எனக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான்.

போன ஆனியில் ஒரு சம்பவம். கோரம் கச்சிதமாகச் சேர்ந்த ஒரு எண்மேல் நடவடிக்கை வந்துவிட்டது. முதல் தடவை என்பதால் பதினைந்து நாளைக்கு வெளியே பேச முடியாது. அந்த ஆள் பேரில் உள்ள எல்லா எண்ணுக்கும் சேர்த்து. சார் வாட்ச்மேனுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். மறுநாள் காலை செங்கல்பட்டிலிருந்து அவருடைய அக்கா வந்து இறங்கினார்.

அக்கா பையன் கிரெடிட் கார்டு விற்கும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருந்தான். கம்பெனி சிம் கொடுக்கவில்லை. சொந்தக் காசில் ஒன்று வாங்கிப் பேசச் சொன்னார்கள். கொடுத்த பட்டியலை வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டு போனவன், தாய்மாமன் குரலைக் கேட்டதும் பயந்துபோய் வைத்துவிட்டான். நோட்டில் இருக்கிறது: ‘எதிர்த்தரப்பு வெளியேறியது.’ இப்போது நிச்சயம் பண்ணிய பெண்ணோடுகூட அவனால் பேச முடியவில்லை.

“தாய்மாமன் பண்ற வேலையாடா இது?” என்ற அக்காவின் குரல் இரண்டு மாடிக்குக் கேட்டது. விதி எண் ஏதோ சொல்ல வாயெடுத்தார் சார். “விதிய எங்கிட்ட சொல்லாதே. அவனுக்கு இந்த மாசம் டார்கெட் முடியலேன்னா வேலை போயிடும்.”

சாயங்காலமே மருமகன் வந்தான். லைஃப் டைம் ஃப்ரீ கார்டு ஒன்றுக்கு மாமா கையெழுத்துப் போட்டார். எந்தக் கட்டத்தையும் விடவில்லை. நோட்டில் அந்த வரிக்கு நேரே, ‘உறவுமுறை. மேல்நடவடிக்கை தேவையில்லை’ என்று எழுதிக் கோடு கிழித்தார். படிவத்தின் கடைசியில், தெரிந்தவர்கள் நாலு பேரின் எண் கேட்டிருந்தது. வீட்டம்மாவுடையது, வாட்ச்மேனுடையது, ஐ.டி. பையனுடையது, என்னுடையது என்று யோசிக்காமல் மனப்பாடமாக எழுதிக் கொடுத்திருக்கிறார்.

நேற்று அவன் கூப்பிட்டான். “மாமா உங்க பேரைச் சொல்லித்தான் சார் பேசச் சொன்னாரு” என்றான். படிவத்தோடு ஞாயிற்றுக்கிழமை வருகிறான். வாட்ச்மேன் ஏற்கெனவே போட்டுவிட்டாராம்.