நடுவயதில் சைக்கிள் பழகுதல்: விழுதலின் வேற்றுமைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வின் தேவை

தமிழ்த்துறைகளின் ஆய்வேட்டு அலமாரிகளில் உப்பு உண்டு, யானை உண்டு, குறிஞ்சிப்பாட்டின் தொண்ணூற்றொன்பது பூக்களும் உண்டு. நாற்பத்து நான்கு வயதில், சட்டைப் பொத்தானை இழுத்துப் பிடிக்கும் தொப்பையோடு, செகந்திராபாத் பத்மாராவ் நகரில் ஓர் அடுக்குமாடியின் அடியில் சைக்கிளில் ஏறி விழுகிற ஒருவனைப் பற்றி ஒரு வரி இல்லை. வழிகாட்டிப் பேராசிரியர்கள் ‘ஆய்வு இடைவெளி’ என்று சொல்வது இதைத்தான். இங்கே அந்த இடைவெளியின் அகலம் இரண்டேகால் அடி. எங்கள் கட்டடத்தின் மூன்றாம் தூணுக்கும் 302ஆம் வீட்டுக்காரரின் காருக்கும் நடுவில் இருக்கிறது. அதை நிரப்ப இவ்வாய்வாளர் பலமுறை முயன்றதற்குக் காரின் இடதுபக்கக் கதவில் சான்று உள்ளது.

ஆய்வு எல்லை

தரை.

களம்

வெளியூர்த் தமிழர்களுக்கு ‘செல்லார்’ என்னும் சொல்லை விளக்க வேண்டும். ஹைதராபாத்தில் அடுக்குமாடியின் அடியில் வண்டி நிறுத்தும் இடத்துக்கு அதுதான் பெயர். எங்கள் செல்லாரில் எட்டுத் தூண்கள், ஒரு லிஃப்ட், தெருவுக்கு ஏறும் ஒரு சரிவு. ஏன் தெருவில் பழகவில்லை என்று கேட்பவர்கள் இந்த ஊரைப் பார்க்காதவர்கள். சுமார் இருநூற்றைம்பது கோடி ஆண்டு வயதுள்ள கிரானைட் பாறை மேல் உட்கார்ந்திருக்கும் நகரம் இது. பஞ்சாரா ஹில்ஸ், ஜூபிலி ஹில்ஸ் என்று பெயரிலேயே மேடு காட்டுகிறார்கள். பழகுகிறவனுக்குச் சமதளம் என்று இருப்பது செல்லார் ஒன்றே.

2023 அக்டோபரில் வெளிவட்டச் சாலையோரம் 23 கிலோமீட்டருக்குச் சைக்கிள் பாதை திறந்து, மேலே சோலார் தகடுகளால் கூரையும் போட்டிருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். நிழல் இருக்கிறது, மறைவு இல்லை. திரும்பிவிட்டேன்.

இந்நகரில் ‘சைக்கிள்’ என்ற சொல்லுக்கு அரசியல் பொருளும் உண்டு. 1982இல் என்.டி. ராமாராவ் இங்கே தொடங்கிய தெலுங்கு தேசம் கட்சியின் சின்னம் அது. அவரோ மாநிலம் முழுதும் சுற்றியது ‘சைதன்ய ரதம்’ என்ற பெயரில் மாற்றியமைத்த செவர்லே வேனில். சைக்கிளின் மேல் மரியாதை வைத்தவர்கள் அதில் ஏறாமல் இருப்பதற்கு இது நல்ல முன்னுதாரணம். இவ்வாய்வாளரும் நாற்பத்து நான்கு வயது வரை அதையே கடைப்பிடித்தார்.

சிறுவயதில் கற்காததற்குக் காரணம் பாட்டி. மணிக்கணக்கில் வாடகைக்குச் சைக்கிள் விடும் கடை எங்கள் தெருமுனையிலேயே இருந்தது. அந்தத் திசையில் நான் திரும்பினால் பாட்டிக்கு மயக்கம் வந்தது. ஆகவே குரங்கு பெடல் என்னும் தொடக்கக் கல்வியே எனக்கு வாய்க்கவில்லை.

முன்னோர் ஆய்வுகள்

முதலில் ஒரு மாயையைக் களைய வேண்டும். சைக்கிள் என்பது சின்னப் பிள்ளையில் பழக வேண்டியது என்று எல்லாரும் சொல்கிறார்கள். வரலாறு வேறு சொல்கிறது. 1817இல் மான்ஹைமில் கார்ல் டிரைஸ் முதல் ஈருருளியை ஓட்டியபோது அவர் முப்பதைத் தாண்டியவர். 1819இல் லண்டனில் டெனிஸ் ஜான்சன் அதைக் கற்றுத்தர வகுப்பே நடத்தினார். காசு கட்டி வந்தவர்கள் மீசை முளைத்த கனவான்கள். உலகின் முதல் சைக்கிள்காரர்கள் அனைவரும் வளர்ந்த பின் விழுந்தவர்களே என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

மார்க் ட்வைன் ஐம்பதை நெருங்கும்போது, 1884இல், ஆள் வைத்து உயரச் சக்கர வண்டி பழகினார். அந்த அனுபவத்தை எழுதியும் வைத்தார். அச்சில் வந்தது 1917இல், அவர் இறந்து ஏழு ஆண்டு கழித்து. இப்படிப்பட்ட ஆய்வுகளுக்கு உகந்த வெளியீட்டுத் தேதி அதுதான் என்று நானும் கருதுகிறேன். அமெரிக்க மதுவிலக்குத் தலைவி பிரான்சஸ் வில்லார்ட் ஐம்பத்து மூன்று வயதில் பழகி, சைக்கிளுக்கு கிளாடிஸ் என்று பெயர் வைத்து, 1895இல் புத்தகமே போட்டார். அதே ஆண்டில், அறுபத்தைந்தைத் தாண்டிய டால்ஸ்டாய் மாஸ்கோவில் கற்றுக்கொண்டார். அவருடைய சைக்கிளை அங்குள்ள அவர் வீட்டில் இன்றும் பார்க்கலாம். ‘போரும் அமைதியும்’ எழுதிய கைக்கு ஹேண்டில்பார் வசப்பட அவ்வளவு நாளாகியிருக்கிறது. எனக்கு அவசரமில்லை.

அறிவியலார் பக்கம் போனால் இன்னும் ஆறுதல். ஓடும் சைக்கிள் ஏன் விழாமல் இருக்கிறது? சக்கரம் சுழல்வதால் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 1970இல் டேவிட் ஜோன்ஸ், ஓட்டவே முடியாத சைக்கிள் ஒன்றைச் செய்ய முனைந்தார். சுழற்சியின் விளைவை எதிர்ச்சக்கரம் வைத்துக் கழித்தும் பார்த்தார். அந்த வண்டியையும் ஓட்ட முடிந்தது. 2011இல் ஐந்து ஆய்வாளர்கள், சுழற்சி விளக்கத்தோடு மரபாகச் சொல்லப்பட்ட மற்றொரு விளக்கத்தையும் நீக்கிய ஒரு விசித்திர வண்டியை உருட்டிவிட்டார்கள். அதுவும் தானாக நின்று ஓடியது. ஒற்றைக் காரணம் என்று ஒன்று இல்லையாம். ஆனால் நிமிர்ந்து ஓடும் வண்டிகளுக்கெல்லாம் ஒரு பொதுக்குணம்: எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் ஹேண்டில் தானே திரும்பும். திரும்பியதும் சக்கரம் விழுகிற உடம்புக்கு அடியில் போய் நின்றுகொள்ளும்.

அதாவது விழும் பக்கமே திருப்ப வேண்டும். ஆண்டுக்கணக்காகச் சம்சாரத்திலும் உத்தியோகத்திலும் விழும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் இழுத்துப் பழகிய ஒருவனிடம் போய் இதைச் சொல்கிறார்கள்.

சொல்லாய்வு

என் ஆசிரியை எங்கள் வாட்ச்மேனின் மகள். ஆறாம் வகுப்பு. கட்டணம் பாடத்துக்கு இரண்டு உஸ்மானியா பிஸ்கட். அவளுடைய போதனையின் சாரம் ஒரு சொல்: “தொக்கண்டி அங்கிள், தொக்கண்டி!” தெலுங்கில் சைக்கிளைத் தொக்குவார்கள், அதாவது மிதிப்பார்கள். தெலங்கானாவில் மாங்காய் ஊறுகாய்க்கும் தொக்கு என்றே பெயர். நமக்கும் தக்காளித் தொக்கு உண்டு. முதல் வாரத்தில் இவ்வாய்வாளரின் முழங்கால் இரண்டாவது பொருளுக்கு நெருங்கியிருந்தது.

தமிழின் ‘மிதிவண்டி’யும் இதே பிழையைச் செய்கிறது. மிதிப்பதே வண்டியின் சாரம் என்று அது நம்பவைக்கிறது. டிரைஸின் வண்டியில் பெடலே கிடையாது. காலால் தரையை உந்தி உருட்ட வேண்டும். ஈழத்தமிழர் எழுதும் ‘துவிச்சக்கர வண்டி’ இந்த வகையில் நேர்மையானது: சக்கரம் இரண்டு என்கிறது, மேற்கொண்டு எந்த உறுதியும் தரவில்லை.

இந்தச் சொல்லாய்வின் பயனாக வண்டியை 1817க்குத் திருப்பினோம். பெடல் இரண்டையும் கழற்றி, சீட்டை இறக்கி, காலால் உந்தி உருட்டுவது. வாட்ச்மேன் ஸ்பானரோடு வந்து வலப்பக்கப் பெடலை ஒரு நிமிடத்தில் கழற்றினார். இடப்பக்கப் பெடலோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டினார். கழற்றக் கழற்ற இறுகியது. இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. பெடல் போனதும் ஆசிரியைக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போயிற்று. ஒரு வாரம் வெறும் பிஸ்கட் தின்றாள்.

நிபுணர் வாக்குமூலம்

வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால் ஹேண்டிலை முதலில் எந்தப் பக்கம் அசைப்பீர்கள்? மூவரிடம் கேட்டேன். வாட்ச்மேன், மகள், தரைத்தள வீட்டுப் பெரியவர் மூவரும் வலப்பக்கம் என்றார்கள். பெரியவர் அசல் ஹைதராபாதி. “டரோ நக்கோ” என்று தைரியம் சொன்னவர், தாமே ‘பர்சோன்’தான் கற்றுக்கொண்டதாகவும் சொன்னார். பர்சோன் என்றால் நேற்று முன்தினம். விசாரித்ததில் அது 1968.

மூவர் சொன்னதும் தவறு. வலப்பக்கம் திரும்பும் ஒவ்வொருவரும் முதலில் இடப்பக்கம் ஒரு நூல் திருப்புகிறார்கள். அதனால்தான் உடம்பு வலப்பக்கம் சாய்கிறது. நிரூபிக்க வாய்ப்பும் கிடைத்தது. வாட்ச்மேன் கார் கழுவிய ஈரத்தரையில் மகளைத் தன் சைக்கிளில் ஒரு வளைவு போகச் சொன்னேன். காய்ந்த சிமெண்டில் முன்சக்கரத்தின் ஈரக்கோடு வலப்பக்கம் வளைவதற்கு முன்னால், விரல் அகலத்துக்கு இடப்பக்கம் நெளிந்திருந்தது. உட்கார்ந்து காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள்.

“அதி நேனு காது, அங்கிள்,” என்றாள். அது அவள் இல்லையாம்.

விழுதலின் வேற்றுமைகள்

தூண் எட்டு, வேற்றுமையும் எட்டு. தற்செயல் என்று கொள்ள மனம் வரவில்லை.

முதல் வேற்றுமைக்கு உருபு கிடையாது. நான் விழுந்தேன், அவ்வளவுதான். வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே, காரணமோ கருவியோ இடமோ இல்லாமல் நிகழ்வது இது.

இரண்டாம் வேற்றுமையில் இலக்கணச் சிக்கல். ‘விழு’ என்பது செயப்படுபொருள் குன்றிய வினை. ‘ஐ’ உருபை ஏற்காது என்பார்கள். மூன்றாம் மாடியம்மாள் வெயிலுக்காகச் சரிவில் இறக்கிவைத்த துளசித்தொட்டி விஷயத்தில் அது ஏற்றது. எவ்வளவு குன்றாமல் ஏற்றது என்பதை அந்த அம்மாள் லிஃப்டில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மூன்றாவதில் இரு கிளை. பயத்தால் விழுவது ஒன்று, வண்டியோடு விழுவது மற்றொன்று. இரண்டும் ஒரே கணத்தில் நடந்தால் எந்த உருபில் சேர்ப்பது என்று இலக்கண நூலார் சொல்லவில்லை.

நான்காம் வேற்றுமை மனித இயல்பைக் காட்டுவது. ஒருநாள் நின்றிருந்த ஸ்கூட்டர் மேல் சாய்ந்து விழுந்தேன். முதலில் ஓடிவந்தவர் என்னைத் தாண்டிப் போய்க் குனிந்தார். “பண்டிகி ஏம் காலேது கதா?” வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று அர்த்தம். தமிழின் ‘கு’ தெலுங்கில் ‘கி’. குடும்பம் ஒன்றுதான், அக்கறையும் ஒரே பொருளின் மேல்தான்.

ஐந்தாவது நீங்கல்: சீட்டிலிருந்து. ஆறாவது உடைமை: யாருடைய தப்பு? இதை வீட்டில் மனைவி தீர்மானிப்பார். ஏழாவது இடம், மூன்றாம் தூணின்கண் என்று குறித்துக்கொண்டால் போதும். எட்டாவது விளி. பத்து வருஷம் தெலுங்கு பேசியிருக்கிறேன், ஆபீசில் ஆங்கிலத்தில் கனவு காண்கிறேன். தூண் நெருங்கும்போது வாயில் வருவது ‘அம்மா’தான்.

வேடிக்கை பார்ப்போர் கருதுகோள்

இவ்வளவும் பார்த்த பின் ஒரு கருதுகோளுக்கு வந்தேன். வளர்ந்தவன் விழுவதற்குப் பயப்படுவதில்லை, விழுவதைப் பிறர் பார்ப்பதற்குப் பயப்படுகிறான். செல்லாரில் காலை ஆறேகாலுக்குப் பால்காரர், பேப்பர்காரர், நடைக்குப் போவோர் என்று சராசரியாகப் பதினொரு பேர் இருப்பார்கள். விழுபவன் ஒருவன்.

இதைச் சரிபார்க்க ஒப்பீட்டுக் களம் வேண்டும். அது புதுக்கோட்டை. 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் கையிலெடுத்தது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் யோசனை அது. விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடி ஊழியர்கள், கிராமச் செவிலியர்கள் என்று லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் பழகியதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டைத் தெருக்களில் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை. பலர் ஆண்கள் சைக்கிளையே விரும்பினார்கள். முன்னால் இருக்கும் பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம்.

அப்படிப் பாரில் உட்கார்ந்து போன குழந்தைகளில் ஒருத்தி என் மனைவி. ஓட்டியவர் என் அத்தை. அப்போது இருபத்தொன்பது வயது. போனில் பேட்டி எடுத்தேன்.

“பழகும்போது வேடிக்கை பார்த்தவங்க எத்தனை பேர் அத்தை?”

“யாரு பாக்குறது? எல்லாருந்தான விழுந்தோம். சிரிக்கிறவ அடுத்த ரவுண்டுல விழுவா.”

“ஆம்பளைங்க?”

“பேசத்தான் செஞ்சாங்க மாப்ள. நாலு நாள் பேசுனா வாய் வலிக்காதா?”

கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது. ஆய்வேட்டை முடிக்க உட்கார்ந்தேன்.

பிற்சேர்க்கை

போன மாதம் அத்தை ஸ்கந்தகிரி முருகனைக் கும்பிட வந்தார். கோயில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். திரும்பி வந்து லிஃப்டுக்குக் காத்திருக்கையில், மூன்றாம் தூணில் சாத்தியிருந்த சைக்கிளைப் பார்த்தார். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பெடலைத் திரும்ப மாட்டி ஒரு மாதமாகியிருந்தது.

சீட்டை ஒரு கையால் பிடித்து மெல்ல இடப்பக்கம் சாய்த்தார். ஹேண்டில் அசையவில்லை. வலப்பக்கம் சாய்த்தார். அப்போதும் அசையவில்லை.

“ஹேண்டிலு செத்துக் கெடக்கு மாப்ள. கோனை இறுக்கி வச்சிருக்கான். இதுல எவன் ஏறுனாலும் விழுவான்.”

ஐந்து ஆய்வாளர்கள் விசித்திர வண்டி செய்து கண்டது அது. சாயும் பக்கம் ஹேண்டில் தானே திரும்ப வேண்டும். என் வண்டியில் அது நான்கு மாதமாகத் திரும்பவில்லை. முன்னோர் ஆய்வு என்று பக்கம் பக்கமாக எழுதியவன் சீட்டைப் பிடித்துச் சாய்த்துப் பார்க்கவில்லை. இங்கே தெருமுனையில் இருக்கும் சைக்கிள் கடைக்காரர் நட்டைக் கால் சுற்று தளர்த்தி இருபது ரூபாய் வாங்கிக்கொண்டார்.

திரும்பக் கொண்டுவந்ததும் அத்தை மறுபடி சாய்த்தார். இந்தத் தடவை முன்சக்கரம், கூப்பிட்ட பக்கம் திரும்பிப் பார்ப்பவர்போல் மெதுவாகத் திரும்பியது. அறுபத்திரண்டு வயது. கொசுவத்தை எடுத்துச் செருகிக்கொண்டு, பெடலில் ஒரு கால் வைத்து நாலு தத்து தத்தி, ஏறி உட்கார்ந்து, எட்டுத் தூண்களையும் சுற்றி வந்தார். என் ஆசிரியை பிஸ்கட்டை மெல்ல மறந்து நின்றாள். பால்காரர் முதலான பதினொருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதை, என் கருதுகோளுக்கு எதிரான சான்றாகக் குறித்துக்கொண்டேன்.

“இப்ப ஏறுங்க மாப்ள.”

ஏறினேன். முதல் தூண் போயிற்று. இரண்டாம் தூண். மூன்றாம் தூண், அதன் கண் ஒன்றும் நிகழவில்லை. வண்டி தானாகப் போவதுபோல் போய்க்கொண்டிருந்தது. ஒரு சுற்று முடிந்து இரண்டாம் சுற்றில்தான், நிறுத்துவது எப்படி என்ற இயலை இன்னும் தொடங்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

302ஆம் வீட்டுக்காரர் அன்று ஊரில் இல்லை. அவருடைய கார் இருந்தது.