பெருக்கற்கணக்கு: வெளிநாட்டு வாழ்க்கைச் செலவை எடைபோடும் திண்டுக்கல் முறை

வெளிநாட்டு வேலைக்குப் புறப்படுமுன் அங்கே வாழ என்ன செலவாகும் என்று அறியத் திண்டுக்கல் நகரத்திலும் சுற்றுவட்டச் சமவெளியிலும் கையாளப்படும் முறை பெருக்கல். அந்நாட்டுத் தொகையை அன்றைய மாற்று விகிதத்தால் பெருக்கி ரூபாயாக்குவதே இது. கைபேசி இதற்குப் போதும். கைபேசியை நம்பாதவர்களுக்குத் தாய்மாமன் உண்டு. முறையின் தனித்தன்மை வேறோரிடத்தில் இருக்கிறது. சம்பளம் புறப்படுமுன் பெருக்கப்படுகிறது. செலவு போய்ச் சேர்ந்த பிறகுதான் பெருக்கப்படுகிறது. திர்ஹாம் 23 ரூபாய்க்கு விற்கும்போது 2,000 திர்ஹாம் சம்பளம் பேகம்பூர்த் திண்ணையில் 46,000 ரூபாயாக விரியும். 'டீ ஒரு திர்ஹாம்தானாம்' என்ற தகவலும் அதே திண்ணைக்கு வந்து சேரும். அதை யாரும் பெருக்குவதில்லை. டீ பெருக்கப்படுவது துபாய் தேராவில் இறங்கிய மறுநாள் காலையில். அந்த விடை தொண்டையில் இறங்காமல் சில நாள் டீயே இறங்காது.

இப்பழக்கம் தொன்மையானதன்று. வளைகுடாக் கரையில் நெடுங்காலம் புழங்கியது இந்திய ரூபாயேதான். 1959இல் ரிசர்வ் வங்கி அப்பகுதிக்கென்றே தனி ரூபாய் நோட்டு அச்சிட்டது. 1966 ஜூனில் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்ததும் துபாய், கத்தார் முதலிய நாடுகள் அதைக் கைவிட்டன. அமீரக திர்ஹாம் வந்தது 1973இல். ஆக, 1966க்கு முன் துபாய்க்கோ கத்தாருக்கோ போனவருக்குப் பெருக்க ஒன்றுமில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணி கூட்டிப்போனவர்களும் ரூபாயிலிருந்து ரூபாய்க்கே போனார்கள். அவர்களுக்கு வேறு கணக்கு இருந்தது: வழிச்செலவும் முன்பணமும் கடனாகத் 'துண்டு' என்ற சீட்டில் ஏறி, தோட்டத்துக்குத் தோட்டம் கூடவே வந்தன. துண்டு முறையை இலங்கைச் சட்டம் தடை செய்தது 1921இல்தான்.

நாட்டுக்கு நாடு பணத்தின் வாங்கும் திறனை ஒப்பிடும் கோட்பாட்டுக்கு இன்று வழங்கும் பெயரை 1918இல் இட்டவர் சுவீடன் பொருளியலாளர் குஸ்தாவ் காசல். அதை 1986இல் லண்டன் எக்கானமிஸ்ட் இதழ் பிக் மேக் பர்கரைக் கொண்டு வேடிக்கையாக அளக்கத் தொடங்கியது. எங்கும் ஒரே மாதிரி செய்யப்படும் பண்டம் எங்கே என்ன விலை என்று பார்த்தால் நாணயங்களின் உண்மை மதிப்பு தெரியுமாம். பிக் மேக் பிறந்தது 1967இல். நாகசாமி நாயுடு திண்டுக்கல்லில் பிரியாணிக் கடை திறந்தது 1957இல். பத்தாண்டு மூத்த பண்டத்தை விட்டுவிட்டு இளையதை அளவுகோலாக்கியது ஏன் என்பதற்கு அவ்விதழ் விளக்கம் தரவில்லை.

எனினும் பிரியாணிக் குறியீட்டை ஏற்பதில் சிக்கல் உண்டு. சீரகச் சம்பா கப்பலேறும், மசாலாவும் ஏறும். ஆனால் ருசிக்குக் காரணம் ஆத்தூர்த் தண்ணீர் என்பது உள்ளூர்க் கட்சி, அது ஏறாது. மேலும் திண்டுக்கல்லில் பிரியாணி என்பது தட்டோடு முடிவதில்லை. கேட்காமலே வரும் தால்சாவும் இரண்டாவது முறை வரும் வெங்காயப் பச்சடியும் சேர்ந்ததே ஒரு பிரியாணி. அயல்நாட்டில் இரண்டாவது பச்சடிக்குத் தனி பில் வரக்கூடும். இரண்டையும் ஒரே பண்டம் என்று கொள்வது ஆய்வு நேர்மைக்கு உகந்ததன்று.

மல்லிகையைக் கொண்டு அளக்கலாமென்றால், நிலக்கோட்டைச் சந்தையில் அதன் விலை முகூர்த்த நாளுக்கு முன்தினம் ஏறி மறுநாள் சரிகிறது. அளவுகோலே காலையில் ஒரு நீளம், மாலையில் ஒரு நீளமாக இருந்தால் துணி தைக்க முடியாது.

முருங்கைக்காயின் நிலை இன்னும் மோசம். ஒட்டன்சத்திரம் சந்தையில் அது கிலோக்கணக்கில் விலைபோகிறது என்றாலும், வீட்டுக் கணக்கில் அது பக்கத்து வீட்டு மதிலைத் தாண்டித் தொங்கும் பொருள், விலை பூஜ்ஜியம். கறிவேப்பிலையும் அப்படியே, காய் வாங்கினால் கொசுறு. சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் இரண்டுக்கும் விலை உண்டு. விலை எத்தனை மடங்கு ஏறியது என்று காண அங்கத்திய விலையை இங்கத்திய விலையால் வகுக்க வேண்டும். பூஜ்ஜியத்தால் வகுக்கக் கணிதம் அனுமதிப்பதில்லை. சாம்பார் வைத்த ஒவ்வொரு முறையும் தொலைபேசியில் எழும் புலம்பலுக்கு முடிவில்லாமல் போவதன் கணிதக் காரணம் இதுவே.

முடிவெட்டுக்குத் தெளிவான கோட்பாடு இருக்கிறது. 1964இல் பலாசா, சாமுவெல்சன் என்ற இருவரும் தனித்தனியே காட்டியது இது: கைபேசி போலக் கப்பலேறும் பொருளின் விலை நாட்டுக்கு நாடு அதிகம் மாறாது, கப்பலேறாத உழைப்பின் விலை மாறும். நாகல்நகர் சலூன்காரரும் சிங்கப்பூர் சலூன்காரரும் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ அதே எண்ணிக்கைத் தலைகளைத்தான் வெட்ட முடியும். ஆனால் சிங்கப்பூர்க்காரர் அங்கேயுள்ள தொழிற்சாலை, வங்கிச் சம்பளங்களோடு ஒட்டி வாழ வேண்டியிருப்பதால் அவர் கத்தரிக்கும் விலையும் ஏறுகிறது. விமானம் ஏறும் முந்தைய நாள் உச்சந்தலை தெரிய ஒட்ட வெட்டிக்கொள்ளும் வழக்கம் இக்கோட்பாட்டைப் படிக்காமலே அதன்படி நடப்பது.

வீட்டுப் பெண்கள் பிரியாணியையும் முருங்கையையும் நம்புவதில்லை. 'மாசம் எத்தனை கிராம் மிஞ்சும்?' என்று தங்கத்தில் கேட்கிறார்கள். எட்டு கிராம் சேர்ந்தால் ஒரு பவுன். தங்கத்தின் அடிப்படை விலை உலகெங்கும் ஏறத்தாழ ஒன்றே. எனவே முன்சொன்ன அளவுகோல்கள் அனைத்திலும் பிழை குறைந்தது இதுதான். மிச்சத்தை நேரடியாகக் கேட்பதால் வாடகையா, டீயா, முடிவெட்டா என்ற தகராறும் எழுவதில்லை. ஆய்வாளர்கள் இதைப் பொருட்படுத்தாதது வியப்பே.

செலவுகளில் மிகப் பெரியது எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. 'ரூம் ஃப்ரீ, சாப்பாடு நம்ம செலவு' என்று ஏஜென்ட் சொல்லும் வாசகத்தில் அவருடைய தொகைக்கு இடமில்லை. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழுள்ள விதிப்படி பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதன்மேல் ஜிஎஸ்டியும். பதிவில்லாத ஏஜென்ட் கேட்பது அதுவல்ல. அதற்காக வாங்கும் கடன் இரண்டு ரூபாய் வட்டி, அதாவது நூற்றுக்கு மாதம் இரண்டு, ஆண்டுக்கு 24. ஒன்றரை லட்சம் வாங்கினால் மாதம் 3,000 ரூபாய் வட்டியாக மட்டும் போகும். இத்தொகை தொடக்கத்திலிருந்தே ரூபாயில் இருக்கிறது. பெருக்க வேண்டியதில்லை என்பதால் கணக்கிலும் சேர்வதில்லை.

விடுப்பில் ஊர் வருவோரிடம் பெருக்கல் தலைகீழாகி வகுத்தலாகிறது. பேருந்து நிலையத்து டீயை 23ஆல் வகுத்தால் ஒரு திர்ஹாம்கூட வராது. எனவே உடனிருக்கும் அனைவருக்கும் டீ, வடை, தேவைப்பட்டால் பிரியாணி. சின்னாளபட்டிச் சேலைகளும் இவ்வாறே வகுபட்டு வாங்கப்படுகின்றன. கைப்பணம் தீரும் வாரத்தில் வகுத்தல் நின்று, பெட்டி எடை தொடங்குகிறது. அதில் ரூபாய்க்கு வேலையில்லை, அலகு கிலோ. அங்கே விலை அதிகமாயும் இங்கே எடை குறைவாயும் உள்ளவை முதலில் ஏறும்: கறிவேப்பிலைப் பொடி, இட்லிப் பொடி, சுக்கு, மிளகாய்த் தூள். ஊறுகாய் கடைசியில், பாலித்தீன் உறை மூன்று சுற்றி. முருங்கைக்காய் நீளம் காரணமாக ஏறுவதில்லை. உருவிக் காயவைத்த இலை ஏறும்.