நீர்க்கட்டி யாருடா, பேராண்டி?

வா பேராண்டி, உட்காரு. உங்க கம்பெனி புதுசா ஒரு ஆபரேட்டிங் சிஸ்டமே பண்ணிடுச்சுன்னு பெல்லந்தூர் அப்பார்ட்மென்ட் பூரா பேச்சு. வாட்ச்மேன்கூட எனக்குக் கைகொடுத்தாரு. எங்க, காட்டு பாப்போம். அட, ஐகான் எல்லாம் உருண்டையா இருக்கே! முன்னாடி சதுரமா இல்ல இருந்துச்சு? பலே.

நான் பட்டிக்காட்டான், விவரம் போதாமத்தான் கேக்குறேன். ஒரே நேரத்துல பத்து ஆப் ஓடுதே, பிராசஸர்ல யாருக்கு எப்பன்னு முறை வைக்கிறது யாரு? ஒருத்தன் மெமரியில இன்னொருத்தன் கைவைக்காம தடுக்கிறது யாரு? ஏரிக்கு நீர்க்கட்டி இருந்தான். மிராசுதாரே வந்து நின்னாலும் முறை வந்தாத்தான் மடையைத் திறப்பான். உன் போன்ல அந்த ஆளு யாரு? 'அது லினக்ஸ் கெர்னல் தாத்தா, ஆண்ட்ராய்டோடயே வந்துடுது'ங்கிற. சரிதான். அது 1991-ல பின்லாந்துல லினஸ் டோர்வால்ட்ஸ்னு ஒரு காலேஜ் பையன் எழுத ஆரம்பிச்சது. உன் பழைய புஸ்தகத்துலதான் போட்டிருக்கு. அவன் எழுதுனதும் கெர்னல் மட்டுந்தான். மத்த சாமான்ல பாதி எங்க க்னூ திட்டத்து ஆளுங்க செஞ்சது, அதனால 'க்னூ/லினக்ஸ்'னு சொல்லுங்கன்னு ரிச்சர்ட் ஸ்டால்மன் மல்லுக்கு நிக்கிறாரு. 1983-லேயே அந்தத் திட்டத்தை அறிவிச்ச மனுஷன், கேக்க நியாயம் இருக்கு. நீ இதுல எந்த வகைப் பங்காளி?

மேல ஒட்டினதையும் ஓ.எஸ்.னு சொன்னவங்க முன்னாடியும் உண்டு. பிரௌசரே விண்டோஸோட ஒட்டிப் பொறந்ததுன்னு 1998 வழக்குல மைக்ரோசாஃப்ட் வாதாடுச்சு. அது கோர்ட்டுல பொழைக்க. உனக்கென்ன வழக்கு?

இதே பெங்களூர்ல ஐஐஎஸ்சி வாத்தியாருங்க, என்கோர் கம்பெனிக்காரங்களோட சேந்து சிம்ப்யூட்டர்னு ஒரு கம்ப்யூட்டர் செஞ்சாங்க. உள்ளங்கையில அடங்கும். படிக்காதவங்களுக்கும் ஆகணும்னு நம்ம ஊர் பாஷையில வாய்விட்டுப் படிக்க வெச்சாங்க. ஆளுக்கொரு ஸ்மார்ட் கார்டு இருந்தா, ஒரே பெட்டியை ஊரே மாத்தி மாத்தி உபயோகிக்கலாம். 2004-ல பாரத் எலக்ட்ரானிக்ஸ் மூலமா 'அமிடா'ன்னு விற்பனைக்கும் வந்துச்சு. பெருசா விலைபோகல, அது வேற கதை. இவ்வளவு வேலை பாத்தவங்க, உள்ள ஓடுறது லினக்ஸ்னு பச்சையாச் சொன்னாங்க. நீ ஐகானை உருட்டிட்டு ஓ.எஸ்.ங்கிற!

ஐகானை அடுக்கிக் காட்டுறதுக்குப் பேரு 'லாஞ்சர்', உங்க மேனேஜர்கிட்ட அப்படியே போடச் சொல்லு. சம்பளம் குறையாது, பணம் போட்டவன்தான் கொஞ்சம் முகம் சுளிப்பான். மனசு வரலையா? அப்ப மீட்டிங்ல எவனாவது கெர்னல்னு வாயெடுத்தா, உடனே பை-டூ காபி சொல்லிடு. இந்த ஊர்ல கேள்வியையும் பாதிப் பாதியாப் பிரிச்சுக் குடிச்சிடுவாங்க.