ஆடாத படகுக்கு ஆகும் கரண்டு

ஃபுளோரிடாவில் மீன்பிடி படகு வாங்கியவர் அடுத்து வாங்குவது, குமட்டலை நிறுத்த ஒரு கைரோ. வெற்றிடக் கூட்டுக்குள் கனத்த சக்கரம் நிமிடத்துக்குப் பல ஆயிரம் தடவை சுற்றும். படகின் ஆட்டம் அடங்கும். சும்மா சுற்றுமா?

ஓட்டத்தில் 1,500 வாட் என்று வையுங்கள். (வேகம் பிடிக்கும்வரை அதன் பசி இன்னும் அதிகம்.) 12 வோல்ட்டால் வகுத்தால் 125 ஆம்பியர். 200 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் பாதியைத்தான் தொடலாம். ஐம்பது நிமிடத்துக்குள் கதை முடிந்தது. "ஆல்டர்னேட்டர் 150 ஆம்பியர் தருமே!" என்பார் உரிமையாளர். தரும், எஞ்சின் வேகமாக ஓடினால். தூண்டிலைப் போட்டுவிட்டு எஞ்சினை ஐடிலில் விட்டு மிதக்கும்போதுதானே படகு தாலாட்டும்? அப்போது ஆல்டர்னேட்டர் பாதிகூடத் தராது.

ஆகவே லித்தியம் பேட்டரி. அதற்கேற்ற பெரிய ஆல்டர்னேட்டர். கட்டைவிரல் தடிமனில் செம்புக் கேபிள். கடைசியில், எல்லாரும் தவிர்க்கப் பார்த்த அந்த ஜெனரேட்டர். இந்தப் பசி புதிதல்ல. 1932இல் இத்தாலியர்கள் 'கோண்டே டி சவோயா' கப்பலில் மூன்று ராட்சத கைரோக்களை வைத்தார்கள். ஒவ்வொன்றும் 100 டன்னுக்கு மேல். அவற்றுக்கு மின்சாரம் தரக் கப்பலிலேயே மின்நிலையம் இருந்தது.

குமட்டல் மாத்திரைக்கு ஒரு ஆம்பியர்கூட வேண்டாம்.